நான் சொன்ன நெகட்டிவ்

ரத்தம் கொடுக்க வேண்டிய நாளில் தம்பி நாகலூரிலிருந்து இருட்டோடு கிளம்பிவிடுவான். ஏற்காடு வந்து பஸ் பிடித்து, 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி, சேலம் கோரிமேட்டில் என் வீட்டு வாசலுக்கு வரும்போது மணி ஏழரை ஆகியிருக்கும். வெறும் வயிறு. சட்டைப் பையில் சின்ன உறையில் காலை மாத்திரை. மாற்றி வைத்த சிறுநீரகத்தை உடம்பு தள்ளாமல் இருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் என்ற அந்த மாத்திரையை முந்தின இரவு எட்டு மணிக்குப் போட்டிருப்பான், அடுத்தது காலை எட்டு மணிக்கு. அதைப் போடுவதற்குச் சற்று முன்னால் எடுக்கிற ரத்தத்தில்தான் மருந்தின் அளவு சரியாகத் தெரியும். மறந்துபோய் மலையிலேயே போட்டுவிட்டு வந்தால் அன்றைக்கு இறங்கி வந்ததே வீண்.

ரத்தத்தை நான்தான் எடுப்பேன். அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு லேபில் 17 வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினுக்கு ஒரு மஞ்சள் மூடி டியூப், அப்புறம் ஊதா மூடி டியூப் இரண்டு. ஊதாவில் ஒன்று மருந்து அளவுக்கு, மற்றது வைரஸுக்கு. அந்த இரண்டாவது ஊதா டியூபைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களும் அவர்கள் வீட்டாரும் எங்கள் கவுண்டருக்கு வந்து, "உடம்பு நல்லாத்தானுங்க இருக்குது, இந்த மாசம் அந்த வைரஸ் டெஸ்ட்டை விட்டுடலாமுங்களா?" என்று கேட்பார்கள். என் தம்பி விஷயத்தில் ஒருமுறை நானே விட்டுவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அவனுக்கு 34 வயதில் இரண்டு சிறுநீரகமும் பழுதாகின. எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தான். ஒன்றரை வருடம் வாரம் மூன்று முறை சேலத்துக்கு வந்து டயாலிசிஸ் செய்துகொண்டான். அம்மா தன் சிறுநீரகத்தைத் தருவதாக முடிவானதும் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் இருவருக்கும் பரிசோதனைகள் நடந்தன. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி எல்லாம் நெகட்டிவ். சைட்டோமெகலோ வைரஸ் ஐஜிஜி என்ற ஒரு வரியில் மட்டும் இருவருக்கும் பாசிட்டிவ்.

அம்மா அந்தத் தாளை என் கையில் கொடுத்துவிட்டு, "எங்கிட்ட இருக்கிற கிருமி அவனுக்கும் போயிருமா சாமி?" என்று கேட்டாள். கிட்னி கொடுப்பதற்குக் கொஞ்சமும் தயங்காதவள் அந்த ஒரு வரிக்குப் பயந்தாள்.

நான் சொன்னேன். இது சின்னம்மை, உதட்டுப் புண் வைரஸ்களின் பங்காளி. சின்ன வயசிலேயே தாய்ப்பால் வழியாகவோ எச்சில் வழியாகவோ வந்துவிடும். நம் நாட்டில் பெரியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்தச் சோதனை பாசிட்டிவாகத்தான் வரும். வந்த சுவடு கூடத் தெரியாமல் உடம்புக்குள் அடங்கிக் கிடக்கும். அதை அடக்கி வைத்திருப்பது நம் வெள்ளணுக்களில் டி செல் என்ற காவல்படை. அம்மாவுக்கு நிம்மதியானது. அடுத்த பாதியை நான் சொல்லவில்லை. புதிய சிறுநீரகத்தை உடம்பு தள்ளாமல் இருக்கக் கொடுக்கும் மருந்துகள் அந்தக் காவல்படையைத்தான் கட்டிப்போடுகின்றன. அப்போது அடங்கிக் கிடப்பது எழுந்திருக்கும்.

2022 ஜூனில் அறுவை சிகிச்சை நடந்தது. தையல் பிரித்து மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே வாடகை வீட்டில் இரண்டு மாதம், அப்புறம் என் வீட்டில் கொஞ்ச நாள். மூன்று மாதத்துக்கு வைரஸ் தடுப்பாக வால்கான்சிக்ளோவிர் கொடுத்தார்கள். செப்டம்பரில் அதை நிறுத்தும்போது டாக்டர் சொன்னது எனக்கு இன்றும் வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "மாத்திரை இருந்த வரைக்கும் அது காவல். இனிமே மாசாமாசம் பி.சி.ஆர். தான் காவல்."

வைரஸின் டி.என்.ஏ.வைத் தேடும் அந்தச் சோதனையை அக்டோபரில் செய்தோம். வைரஸ் இல்லை என்று வந்தது. நவம்பரில் அவன் நாகலூருக்கே திரும்பியிருந்தான். காப்பிப் பழம் பறிக்கிற நேரம், ஆள் கணக்கு எழுத அவனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். முகத்தில் களை வந்திருந்தது, நன்றாகச் சாப்பிட்டான். பி.சி.ஆருக்கு நாலாயிரத்துக்கு மேல் ஆகும், கையில் பணம் இல்லை. எங்கள் லேபில் அதே வைரஸுக்கு ஐஜிஎம் சோதனை உண்டு. அதை நானே செய்தேன். நெகட்டிவ் வந்தது. "புதுசா எதுவும் கிளம்பலடா, இந்த மாசம் பி.சி.ஆர். வேண்டாம்" என்று போனில் சொன்னேன். இத்தனை வருடம் இந்த வேலை பார்த்தவள் சொன்னால் அவன் ஏன் நம்பமாட்டான்?

என் தவறு எங்கே என்று விவரமாகச் சொல்ல வேண்டும். இதே தவறு நடக்க இன்னும் நிறைய இடம் இருக்கிறது. ஐஜிஎம்மும் ஐஜிஜியும் வைரஸைக் காட்டுவதில்லை. வைரஸைப் பார்த்து உடம்பு தயாரிக்கிற எதிர்ப்புப் புரதத்தைக் காட்டுகின்றன. எதிரி வந்தானா என்று ஊர்க்காவலரிடம் விசாரிப்பது போல. மற்றவர்களுக்கு அது போதும். டெங்கு, மஞ்சள் காமாலை என்று நான் தினமும் அப்படித்தான் பார்க்கிறேன். ஆனால் என் தம்பியின் உடம்பில் ஊர்க்காவலருக்கு நாங்களே மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருக்கிறோம். வைரஸ் பெருகும்போதும் எதிர்ப்புப் புரதம் தாமதமாக வரலாம், வராமலே போகலாம். அறுவை சிகிச்சைக்கு முன்னால் யாரிடம் வைரஸ் அடங்கிக் கிடக்கிறது என்று கணிக்க ஐஜிஜி சரியான சோதனை. அதற்குப் பிறகு, இப்போது பெருகுகிறதா என்ற கேள்விக்கு வைரஸின் டி.என்.ஏ.வையே எண்ணிப் பார்க்க வேண்டும். இது பாடப் புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். நானும் படித்ததுதான்.

டிசம்பர் இரண்டாவது வாரம் காய்ச்சல் வந்தது. பிறகு வயிற்றுப்போக்கு. ஐந்தாம் நாள் கீழே அழைத்து வந்தோம். வெள்ளணு 2,300-க்கு இறங்கியிருந்தது. டாக்ரோலிமஸ் அளவு 14. அவனுக்கு எட்டைச் சுற்றி இருக்க வேண்டியது. வயிற்றுப்போக்கு வந்தால் இந்த மருந்து ரத்தத்தில் குறையாமல் ஏறும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். காவல் ஏற்கெனவே பலவீனம், அதன் மேல் மருந்தும் கூடுதல். அந்தத் தடவை பி.சி.ஆருக்கு நானே டியூபை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அந்த டியூபின் பயணத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். ரிப்போர்ட்டில் வருகிற எண் டியூபிலிருந்தே தொடங்கிவிடுகிறது. மூடி ஊதாவாக இருக்க வேண்டும். பச்சை மூடியில் ஹெப்பாரின் இருக்கும், அது பி.சி.ஆர். வேதிவினையைத் தடுத்துவிடும். எடுத்த ரத்தத்தை மெதுவாக எட்டுப் பத்து தடவை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கினால் சிவப்பணு உடையும், அதிலிருந்து வருகிற ஹீமோகுளோபினும் சோதனைக்கு இடைஞ்சல். அப்புறம் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி மேலே தெளிகிற பிளாஸ்மாவைத் தனியே பிரிக்க வேண்டும். பிரிக்காமல் நாள் கடத்தினால் வெள்ளணுக்கள் சிதைந்து, உள்ளே இருக்கிற வைரஸ் டி.என்.ஏ. பிளாஸ்மாவில் கலந்து கணக்கைக் கெடுக்கும். பிரித்த பிளாஸ்மாவை ஐஸ் ஜெல் பேக்கோடு தெர்மாகோல் பெட்டியில் வைத்து, ராத்திரி கூரியரில் சென்னை லேபுக்கு அனுப்புவோம். நாகலூரில் ஒருவர் ரத்தம் எடுத்துக் கீழே கொடுத்தனுப்பலாமே என்று தம்பி கேட்டதுண்டு. வெயில் காலத்தில் பஸ் டேஷ்போர்டில் உட்கார்ந்து வருகிற டியூபை நம்பி நான் அவனுக்கு மருந்து மாற்ற விடமாட்டேன்.

இதற்கு முந்தைய காலத்தில் வெள்ளணுக்களைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, பிபி65 என்ற வைரஸ் புரதம் எத்தனை அணுக்களில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். ரத்தம் எடுத்த ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் செய்தாக வேண்டும். சேலத்திலிருந்து சென்னைக்குப் போய்ச் சேரவே அந்த நேரம் ஆகிவிடும். தம்பி மாதிரி வெள்ளணு குறைந்தவருக்கு எண்ண அணுவும் கிடைக்காது. கேரி முல்லிஸ் 1983-இல் கண்டறிந்த பி.சி.ஆர். முறைதான் எங்கள் ஊர்க்காரர்களுக்கும் இந்தச் சோதனையை எட்டவைத்தது. 2020-க்குப் பிறகு இதைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சி.டி. எண் பற்றிக் கூட டீக்கடையில் பேசினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் டி.என்.ஏ. இரட்டிப்பாகும், எத்தனையாவது சுற்றில் ஒளி தெரிகிறது என்பதை வைத்து ஆரம்பத்தில் எவ்வளவு இருந்தது என்று கணக்கிடுவார்கள். மாற்று சிகிச்சை செய்தவர்களுக்கு ஆம், இல்லை என்ற பதில் போதாது. எவ்வளவு என்று தெரிய வேண்டும்.

தம்பிக்கு ஒரு மில்லிலிட்டருக்கு 48,000 யூனிட்.

அன்றிரவே கோயம்புத்தூர். குடலுக்குள் கேமரா விட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். சிலருக்கு ரத்தத்தில் வைரஸ் தெரியாமலே குடலில் இருக்குமாம், அதனால் ரத்தச் சோதனையை மட்டும் நம்பி நிறுத்த முடியாது. அவனுக்கு இரண்டிலும் இருந்தது. வைரஸ் புகுந்த செல் வீங்கி, கருவுக்குள் ஒரு பெரிய திட்டு சுற்றிலும் வெள்ளை வளையத்தோடு ஆந்தைக் கண் போலத் தெரியும். படத்தில் பார்த்திருக்கிறேன். என் தம்பியின் குடலிலிருந்து எடுத்தது என்று அதைக் காட்டியபோது நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். டாக்டரிடம் நவம்பர் மாதக் கதையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "இனிமே தேதி தவறாதும்மா" என்றார். அவ்வளவுதான்.

ஊசி வழியாக கான்சிக்ளோவிர் ஏறியது. வாரம் ஒரு பி.சி.ஆர். முதல் வாரம் 61,000 வந்ததும் மருந்து கேட்கவில்லை என்று பயந்தேன். ஆரம்ப வாரத்தில் எண் குறையாமல் சற்று ஏறுவதும் உண்டு என்றார் டாக்டர். அப்போதுதான் இந்த எண்களை எப்படிப் படிக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். 48,000 என்பது லாக் கணக்கில், அதாவது பத்தின் எத்தனையாவது அடுக்கு என்று பார்த்தால், 4.68. 61,000 என்பது 4.79. வித்தியாசம் 0.1 தான். இந்தச் சோதனையில் 0.5 லாக், அதாவது ஏறக்குறைய மூன்று மடங்கு மாறினால்தான் உண்மையான மாற்றம். ஒரே சாம்பிளை இரண்டு தடவை ஓட்டினாலே அதற்குக் குறைவான வித்தியாசம் வரலாம். ஆயிரம் இரண்டாயிரம் ஆனால் இரட்டிப்பு என்று நாம் அலறுவோம். லாக் கணக்கில் அது 0.3.

இரண்டாம் வாரம் 9,400. லாக் 3.97. வீடு முழுக்க மூச்சு விட்டது. மூன்றாம் வாரம் 21,000.

நான் இரண்டு மணி நேரம் யாரோடும் பேசவில்லை. மருந்துக்கு அடங்காத வைரஸாக மாறிவிட்டதோ என்றே நினைத்தேன். டாக்டர் ரிப்போர்ட்டை வாங்கியதும் எண்ணைப் பார்க்கவில்லை, மேலே லேபின் பெயரைப் பார்த்தார். அந்த வாரம் பொங்கல் விடுமுறை, வழக்கமான கூரியர் இல்லாமல் வேறு ஒரு லேபுக்கு சாம்பிள் போயிருந்தது. அங்கே பிளாஸ்மாவில் செய்யாமல் முழு ரத்தத்தில் செய்திருந்தார்கள். வெள்ளணுவுக்குள் இருக்கிற வைரஸும் சேர்ந்து எண்ணப்படுவதால் முழு ரத்தத்தில் பெரும்பாலும் கூடுதலாகத்தான் வரும். அலகும் வேறு, யூனிட்டுக்குப் பதில் காப்பி, அதாவது வைரஸ் டி.என்.ஏ.வின் நகல் எண்ணிக்கை என்று போட்டிருந்தது. ஒவ்வொரு லேபும் தன் படியால் அளந்து தன் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்ததால்தான் 2010-இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு பொது அளவுகோலை உருவாக்கியது. மெர்லின் என்ற வைரஸ் வகை, ஒரு குப்பிக்கு 50 லட்சம் சர்வதேச யூனிட். எல்லா லேபும் தன் இயந்திரத்தை அதோடு ஒப்பிட்டுச் சரிசெய்துகொள்ளலாம். அது வந்த பிறகும் இரண்டு லேப் எண்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது என்பதுதான் நடைமுறை. இரண்டு லேபிலும் தப்பில்லை. தப்பு, இரண்டையும் ஒரே வரிசையில் வைத்து நான் படித்தது.

மறுபடி பழைய லேபுக்கு அனுப்பினோம். 2,600. அதற்கடுத்து "இருக்கிறது, ஆனால் அளக்க முடியாத அளவு குறைவு" என்று வந்தது. இது பாசிட்டிவா நெகட்டிவா என்று நிறையப் பேர் கவுண்டரில் கேட்கிறார்கள். இயந்திரம் கண்டது, ஆனால் எண் சொல்கிற அளவுக்கு இல்லை. அவ்வளவுதான் அதன் பொருள். பிறகு தொடர்ந்து இரண்டு முறை "இல்லை" என்று வந்த பின்தான் சிகிச்சை அளவு மருந்தை நிறுத்தினார்கள்.

அன்றைக்குத்தான் நான் 192 பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். தேதி, லேப், பிளாஸ்மாவா முழு ரத்தமா, அலகு, எண், லாக். வேறு லேபில் செய்த எண்ணைச் சிவப்பு மையில் எழுதுவேன்.

2023 மார்ச்சில் அந்த நோட்டில் புதிதாக ஒரு வரி ஏறியது. பி.கே. வைரஸ், பிளாஸ்மா, 800 காப்பி.

இந்த வைரஸுக்கு ஒரு நோயாளியின் முதலெழுத்துகள்தான் பெயர். சூடானைச் சேர்ந்த, சிறுநீரகம் மாற்றிக்கொண்ட ஒருவரின் சிறுநீரில் லண்டனில் இதைக் கண்டுபிடித்து 1971-இல் அறிவித்தார்கள். இதுவும் சின்ன வயசிலேயே வந்து சிறுநீரகத்திலும் சிறுநீர்ப் பாதையிலும் அடங்கிக் கிடப்பது. மருந்தின் பலத்தில் எழுந்தால் முதலில் சிறுநீரில் தெரியும், சில வாரம் கழித்து ரத்தத்தில், அதற்கும் பிறகு சிறுநீரகத்தையே அரிக்கத் தொடங்கும். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. அதனால்தான் முதல் ஒன்பது மாதம் மாதாமாதமும், பிறகு இரண்டு வருடம் வரை மூன்று மாதத்துக்கொருமுறையும் பார்க்கச் சொல்கிறார்கள். 800 என்பது குறைவுதான், அடுத்த மாதம் மறுபடி பாருங்கள் என்றார் டாக்டர்.

ஏப்ரலில் மழை பெய்து மலை முழுக்கக் காப்பி பூத்திருந்தது. தம்பி ரத்தம் கொடுக்க வந்தவன் ஒரு கிளையை அம்மாவுக்குக் கொண்டுவந்திருந்தான். மல்லிகை மாதிரி மணம். கிரியேட்டினினை எங்கள் இயந்திரத்தில் நானே ஓட்டினேன். எப்போதும் 1.2 இருக்கும். 1.7 காட்டியது. மறுபடி ஓட்டினேன். 1.7.

கிரியேட்டினின் ஏறினால் எல்லோருக்கும் முதலில் வருகிற பயம், உடம்பு சிறுநீரகத்தைத் தள்ளுகிறது என்பது. போனில் பேசிய டியூட்டி டாக்டரும் அப்படித்தான் நினைத்தார். உடனே வாருங்கள், மூன்று நாள் ஸ்டீராய்டு ஊசி போட வேண்டியிருக்கும் என்றார். நான் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். பெரிய டாக்டர் பக்கத்தைப் புரட்டி அந்த 800-இல் விரலை வைத்தார். "ஸ்டீராய்டு இப்ப வேண்டாம். பி.கே.வைப் பார்த்துட்டு, பயாப்ஸி பண்ணிட்டு முடிவு பண்ணலாம்."

இந்த இடத்தை எத்தனை முறை சொன்னாலும் எனக்குத் தகும். தள்ளுதல் என்றால் எதிர்ப்புச் சக்தியை இன்னும் அடக்க வேண்டும். பி.கே. என்றால் அடக்குவதைக் குறைக்க வேண்டும். இரண்டுக்கும் வெளியில் தெரிகிற அடையாளம் ஒன்றே, கிரியேட்டினின் ஏற்றம். சிகிச்சை நேர் எதிர். பி.கே. இருக்கிறவருக்கு ஸ்டீராய்டைக் கொட்டினால் வைரஸுக்குத்தான் விருந்து.

எண் 32,000 வந்தது. பத்தாயிரத்தைத் தாண்டினால் சிறுநீரகத்துக்குள் நோய் இருக்கக்கூடும் என்று கொள்வார்கள். பயாப்ஸியிலும் உறுதியானது. குரங்கில் காணப்படும் எஸ்.வி.40 என்ற வைரஸுக்காகச் செய்த சாயம்தான் அதற்கு. இரண்டும் அவ்வளவு நெருங்கிய உறவு என்பதால் பி.கே. இருக்கிற செல்லையும் அது பிடித்துக் காட்டும். எங்கள் லேபுக்கு வரும் பேத்தாலஜிஸ்டும் தம்பியின் சிறுநீரை வண்டல் பிரித்துச் சாயமேற்றி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். செல்லின் கரு வீங்கி, பால் கண்ணாடி போல மங்கலாக இருந்தது. புற்றுநோய் செல் என்று ஏமாற்றும் தோற்றம் என்பதால் டிகாய் செல் என்று பெயர். இத்தனை வருடத்தில் எத்தனை சிறுநீரில் இதைத் தாண்டிப் போயிருப்பேனோ.

பி.கே.வுக்கென்று நம்பகமான தனி மருந்து கிடையாது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இன்னொரு மருந்தான மைக்கோபினோலேட் அளவைப் பாதியாக்கினார்கள், டாக்ரோலிமஸையும் இறக்கினார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு சோதனை. கத்தியின் மேல் நடப்பதுதான். அதிகமாகக் குறைத்தால் தள்ளுதல் வரும். 26,000, 17,000, 4,100. கோடை விழாவுக்குக் கூட்டம் ஏறி இறங்கிய மே மாதம் முழுக்க அந்த மலைச் சாலையில் தம்பி எதிர்த்திசையில் ரத்தம் கொடுக்க இறங்கி வந்துகொண்டிருந்தான். அக்டோபரில் 600.

"இதுவும் எங்கிட்டிருந்து போனதுதானா?" என்று அம்மா ஒருநாள் கேட்டாள். சிறுநீரகத்தோடு போயிருக்கலாம், அவனிடமே இருந்திருக்கலாம் என்று உள்ளதைச் சொன்னேன். இந்தத் தடவை பாதியை மறைக்கவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கிட்னி நல்லா வேலை செய்யுதில்ல?" என்றாள். செய்கிறது. கிரியேட்டினின் 1.5-இல் நின்றுவிட்டது. பழைய 1.2 திரும்பவில்லை.

நோட்டு இப்போது அம்மாவிடம் இருக்கிறது. அவளுக்கு எண்களைப் படிக்கத் தெரியும், லாக் தெரியாது. தேதிக் கட்டத்தை மட்டும் பார்த்து, முந்தின நாள் சாயந்திரமே தம்பிக்குப் போன் போட்டுவிடுவாள். அடுத்தது வருகிற வியாழக்கிழமை. அதே லேப், பிளாஸ்மா. மாத்திரை சட்டைப் பையில்.